தெளிப்பதற்கு முன் பாருங்கள்

(மாடித்தோட்டம் வைத்திருப்போர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்கும் முன்பே உங்களில் சிலர் கைப்பேசியில் படம் காட்டினீர்கள். மஞ்சளான கத்தரி இலை, சுருண்ட மிளகாய்க் கொழுந்து, அடிப்புறம் கறுத்த தக்காளிக் காய் என்று படங்கள் பலவிதம். அவற்றோடு வந்த கேள்வி மட்டும் ஒன்றுதான்: "இதுக்கு என்னங்க அடிக்கலாம்?" அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. இந்தச் செடிக்கு என்ன ஆயிற்று? அதற்கு விடை தெரியாமல் அடிக்கும் எதுவும், வேப்பெண்ணெயே ஆனாலும், குருட்டாம்போக்கில் அடிப்பதுதான். விடையை நாமே கண்டுபிடிப்பது எப்படி என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

செடிக்கு வரும் கேடுகள் பல. அது காட்டும் குறிகளோ சில. மஞ்சளாகும், சுருளும், கருகும், குட்டையாகும், உதிர்க்கும். தழைச்சத்து குறைந்தாலும் மஞ்சளாகும். வேர் அழுகினாலும் மஞ்சளாகும். நூற்புழு புகுந்தாலும் மஞ்சளாகும். ஒன்றுமே இல்லாமல் அடியிலை வயதாகி விழும்போதும் மஞ்சளாகும். குறியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் தவறிப் போவோம். இந்த நாட்டின் வேளாண்மை வரலாற்றில் அறிஞர்களையே திணறடித்த இரண்டு கதைகள் இருக்கின்றன. இரண்டும் 1966-இல் தெளிவடைந்தவை.

முதலாவது நெல்லின் கதை. இமயமலை அடிவாரத்தில் இன்று உத்தராகண்டைச் சேர்ந்த தராய்ப் பகுதியில், பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்த வயல்களில் நெற்பயிர் வளராமல் நின்றது. இலைகளில் துருப்பிடித்தது போலப் பழுப்புப் புள்ளிகள் படர்ந்தன. பார்த்தவர்களுக்கெல்லாம் அது ஏதோ கிருமியால் வரும் நோயாகவே தோன்றியது. ஆராய்ந்த ஒய். எல். நெனேயும் பயிர் நோயியல் அறிஞர்தான். கிருமியைத் தேடுவதே அவருடைய தொழில். ஆனால் அவர் கண்டது கிருமியை அல்ல, துத்தநாகக் குறைபாட்டை. லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட்டும் அதில் பாதி நீற்றிய சுண்ணாம்பும் கலந்து தெளித்ததில் பயிர் தேறியது. கைரா நோய் என்று பெயர் பெற்றது உண்மையில் ஒரு சத்துக் குறை.

இரண்டாவது கதை இதற்கு நேர் எதிர். ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை மரங்கள் நாட்டின் பல பகுதிகளில் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. இலைகள் துத்தநாகம் குறைந்தது போலவே வெளுத்தன. மண்ணில் சத்தில்லை, வடிகால் சரியில்லை என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பயிர் நோயியல் அறிஞர் லிலியன் பிரேசரும் இந்திய அறிஞர்களும் சேர்ந்து 1966-இல் வெளியிட்ட கட்டுரை, இது கிரீனிங் என்னும் தொற்றுநோயாக இருக்க வேண்டும் என்றது. வைரஸ் என்று அன்று கருதப்பட்ட அந்தக் கிருமி ஒரு பாக்டீரியா என்பது பிறகு தெரிந்தது. அதைப் பரப்புவது சைலிட் என்னும் சிறு பூச்சி. நோய் தொற்றிய மரத்துக்கு எத்தனை மூட்டை சத்து போட்டாலும் நோய் நீங்காது.

சத்துக் குறையை நோய் என்று எண்ணியது ஓரிடம். நோயைச் சத்துக் குறை என்று எண்ணியது வேறோரிடம். வயலில் நடந்தது மாடியில் நடக்காதா? நடக்கிறது. நாம் அதைத் தவிர்க்க நான்கு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: கோளாறு எந்த இலையில் தொடங்கியது? அடியிலையிலா, கொழுந்திலா?

செடிக்குள் சில சத்துகள் இடம் பெயரும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகியவை அந்த வகை. பற்றாக்குறை வந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து இவற்றைப் பிரித்தெடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் குறை முதலில் தெரிவது அடியிலையில். இரும்பு, கால்சியம், போரான் முதலியவை ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் எளிதில் பெயராதவை. அவை குறையும்போது பழைய இலை பசுமையாகவே நிற்கும். புதிதாக வரும் கொழுந்துதான் வாடும். துத்தநாகக் குறையும் பெரும்பாலான காய்கறிச் செடிகளில் இளம் இலையிலேதான் முகம் காட்டும்.

இந்த ஒரு கேள்வியே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். அடியிலை முழுதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. அடியிலையில் நரம்பு பச்சையாக நிற்க நடுப்பகுதி மஞ்சளானால் மெக்னீசியக் குறை. அதே தோற்றம் கொழுந்தில் இருந்தால் இரும்புக் குறை. அடியிலையின் ஓரம் மட்டும் கருகிக்கொண்டு வந்தால் சாம்பல்சத்தைச் சந்தேகிக்கலாம். இலையின் அடிப்புறம் கருஞ்சிவப்பு அல்லது ஊதா நிறம் ஏறிச் செடி குன்றினால் மணிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: அந்தக் குறி சீராக இருக்கிறதா, தாறுமாறாக இருக்கிறதா?

சத்துக் குறை ஒழுங்கு உடையது. நடுநரம்புக்கு இடப்புறம் எப்படியோ வலப்புறமும் அப்படியே இருக்கும். ஒரே வயதுள்ள இலைகள் எல்லாம் ஒரே மாதிரி மாறும். பூச்சிக்கும் நோய்க்கும் அந்த ஒழுங்கு கிடையாது. ஒரு கிளையில் இருக்கும், மறு கிளையில் இருக்காது. எலுமிச்சையில் துத்தநாகக் குறையையும் கிரீனிங் நோயையும் பிரித்தறிய உதவுவதும் இந்த அடையாளம்தான். துத்தநாகக் குறையில் மஞ்சள் திட்டுகள் நடுநரம்பின் இரு பக்கமும் ஒத்திருக்கும். கிரீனிங் நோயில் இடப்பக்கத் திட்டும் வலப்பக்கத் திட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கும். உங்கள் வீட்டில் எலுமிச்சைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே கறிவேப்பிலைத் தொட்டி இருக்கலாம். சைலிட் பூச்சிக்குக் கறிவேப்பிலைக் கொழுந்தும் பிடிக்கும். எலுமிச்சையைச் சோதிக்கும்போது கறிவேப்பிலையின் தளிரையும் புரட்டிப் பாருங்கள்.

மூன்றாவது கேள்வி: தடயம் ஏதாவது இருக்கிறதா?

சத்துக் குறை தடயம் எதையும் விட்டுச் செல்லாது. பூச்சி விட்டுச் செல்லும். உரித்த சட்டை, கறுப்புப் புள்ளியாக எச்சம், மெல்லிய நூலாம்படை, பிசுபிசுப்பு, அந்தப் பிசுபிசுப்பில் படரும் கரும்பூசணம், தண்டில் வரிசையாக ஏறும் எறும்பு. எறும்பைக் கண்டு எறும்புப் பொடி போட ஓடுகிறோம். அது அசுவினியோ மாவுப்பூச்சியோ சுரக்கும் இனிப்பு நீரைத் தேடி ஏறுகிறது. எறும்பு போகும் வழியைப் பின்தொடர்ந்து பார்த்தால் பூச்சி இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

தடயம் தேட வேண்டிய இடம் இலையின் அடிப்புறம். மேற்புறத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பூச்சியே இல்லை என்று சொல்லாதீர்கள். வெள்ளை ஈ, அசுவினி, தத்துப்பூச்சி, சிலந்திப்பேன் எல்லாமே பெரும்பாலும் அடியில்தான் குடியிருக்கும். ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்குக் கீழே பிடித்து இலையை நான்கு தட்டுத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்கின்றனவா என்று பாருங்கள். நீண்டு மெலிந்து ஊர்ந்தால் இலைப்பேன். குண்டூசித் தலையைவிடச் சிறிதாக உருண்டை வடிவில் நகர்ந்தால் சிலந்திப்பேன். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாடித்தோட்டத்துக்கு வாங்கும் பொருள்களில் இவ்வளவு நாள் உழைக்கும் பொருள் வேறொன்று இல்லை.

நான்காவது கேள்வி: வேரும் நீரும் எப்படி இருக்கின்றன?

தொட்டிச் செடிக்கு வரும் தொல்லையில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. நாம் கடைசியாகப் பார்ப்பதும் இதைத்தான். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தேங்கிக் கெட்ட வாடை வந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். அந்த வேரால் மண்ணில் இருக்கும் சத்தையும் எடுக்க முடியாது. அந்த நிலையில் மேலும் உரம் போடுவது செடியைக் கொல்வதற்குச் சமம்.

மாடித்தோட்டத்தில் நம்மில் பலர் தென்னை நார்க்கழிவில் வளர்க்கிறோம். எடை குறைவு, ஈரம் காக்கும், நல்ல பொருள்தான். ஆனால் மக்காத நார்க்கழிவில் தழைச்சத்துக்கு நூறு மடங்குக்கும் மேலாகக் கரிமம் இருக்கிறது. அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள், செடிக்கு நாம் போட்ட தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும். புதுப் பையில் நட்ட நாற்று வெளுத்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நன்றாக அலசாத நார்க்கழிவில் உப்பும் மிகுந்திருக்கும். இலை நுனி கருகுவதற்கு அது போதும். அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக் காளான் பூசணத்தைக் கொண்டு நார்க்கழிவை மக்கச் செய்யும் முறையைப் பரப்பியது. அலசியதா, மக்கியதா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது போர்த் தண்ணீர். நம் ஊர்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது, பைகார்பனேட் மிகுந்தது. அதையே ஊற்ற ஊற்றத் தொட்டி மண்ணின் காரத்தன்மை ஏறும். காரம் ஏறிய மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. மல்லிகைச் செடியின் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மல்லிகைக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்துத் தெளிக்கச் சொல்வது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. 1840-களிலேயே பிரான்சு நாட்டில் எசேப் கிரிஸ் என்பவர் வெளுத்த இலைகளில் இரும்பு உப்புக் கரைசலைப் பூசினார். பூசிய இடம் பச்சை பிடித்ததைக் காட்டி, வெளுப்பின் காரணம் இரும்புக் குறைதான் என்று நிறுவினார். அந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். செடி முழுவதும் தெளிக்காமல் ஒரு கிளைக்கு மட்டும் தெளியுங்கள். சில நாள் கழித்து அந்தக் கிளை பச்சை பிடித்து மற்றவை வெளுத்தே நின்றால் உங்கள் ஊகம் சரி. பிடிக்கவில்லை என்றால் ஊகம் தவறு. மற்ற கிளைகளுக்கு வீணாகத் தெளிக்காமல் தப்பித்தீர்கள்.

நான்கு கேள்விகளும் கையில் இருந்தால், ஒன்றைப் போல் மற்றொன்று தோன்றி நம்மை ஏமாற்றும் இடங்களையும் கடந்துவிடலாம். மாடியில் அடிக்கடி வருபவை சில.

கத்தரி, வெண்டை இலையின் ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கிக் குவிந்து, கருகுகிறது. சாம்பல்சத்துக் குறை என்று தோன்றும். இலையைத் திருப்பிப் பாருங்கள். வெளிர்பச்சையில் சிறு பூச்சிகள் குறுக்காக ஓடினால் அது தத்துப்பூச்சியின் வேலை. சாற்றை உறிஞ்சும்போது அது செலுத்தும் நச்சுதான் ஓரத்தைக் கருக்குகிறது. சாம்பல் உரம் அதை விரட்டாது.

மிளகாய் இலை சுருள்கிறது. எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கிப் படகு போல வளைந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி வளைந்து, காம்பு நீண்டு போனால் மஞ்சள் சிலந்திப்பேன். இலைகள் சிறுத்துக் கொத்தாகி, நரம்பு தடித்து, செடி வளராமல் நின்றால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். சிலந்திப்பேனுக்குக் கந்தகம் கேட்கும். வைரஸுக்கு மருந்தே இல்லை. அந்தச் செடியை எடுத்துவிட்டு மற்றச் செடிகளைக் காப்பதுதான் வழி. மூன்றுக்கும் ஒரே மருந்தை அடிப்பவர் இரண்டில் தோற்றுப் போவார்.

வெண்டை இலையில் மஞ்சள் வலை. இரும்புக் குறை என்று அன்னபேதி தேடுவோம். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால்தான் இரும்புக் குறை. நரம்பே மஞ்சளாகி இடைப்பகுதி பச்சையாக நின்றால் அது மஞ்சள் நரம்புத் தேமல். 1924-இல் பம்பாய் மாகாணத்தில் முதன்முதலாகப் பதிவான இந்த வைரஸ் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. எடுத்து அழிப்பதில் தயங்காதீர்கள்.

கத்தரிச் செடி திடீரென்று சின்னஞ்சிறு இலைகளாகத் தள்ளிப் புதர்போல ஆகிறது, பூ காய்க்கவில்லை. போரான் குறையா என்று கேட்பார்கள். இதற்கு நம் கோயம்புத்தூரோடு தொடர்பு உண்டு. அங்கிருந்து கே. எம். தாமஸ், சி. எஸ். கிருஷ்ணசாமி என்னும் அறிஞர்கள் 1939-இல் இந்தச் சிற்றிலை நோய் ஒரு செடியிலிருந்து மறு செடிக்குத் தொற்றுவது என்று எழுதினார்கள். தத்துப்பூச்சி பரப்பும் பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் இதன் காரணம். சத்து ஊட்டி மீட்க முடியாது.

தக்காளிக் காயின் அடிப்புறம் கறுத்துக் குழிகிறது. பூசணம் என்று பூசணக்கொல்லி அடிக்கிறோம். அது காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. கால்சியம் வேரிலிருந்து நீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் மண்ணில் கால்சியம் இருந்தும் காய்க்குக் கிடைக்காது. முட்டை ஓட்டைப் பொடி செய்து போடுவதைவிட, தினமும் ஒரே அளவில் நீர் ஊற்றுவதே விரைவாகப் பலன் தரும். சிலர் எல்லாவற்றுக்கும் எப்சம் உப்பு போடுகிறார்கள். அதில் இருக்கும் மெக்னீசியம் மிகுந்தால் கால்சியத்தை வேர் எடுப்பதைத் தடுக்கும். கறுத்த காய் இன்னும் கூடும்.

காலையில் நன்றாக இருந்து, நண்பகலில் துவண்டு, மாலையில் மீண்டும் நிமிரும் செடி ஒன்று. நீர் போதவில்லை, உரம் போதவில்லை என்று இரண்டையும் கூட்டுவோம். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேரே ஆங்காங்கே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அவரை, காராமணி வேரில் இருக்கும் நல்ல முடிச்சுகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிரும். நூற்புழுவின் முடிச்சு உதிராது. அந்தப் பையின் மண்ணை வேறு பைக்கு மாற்றாதீர்கள். வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள்; அடுத்த பட்டத்தில் அதில் செண்டுமல்லி நடுங்கள்.

இவ்வளவும் சரியாகக் கண்டுபிடித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளியில் ஒரு மாவுப்பூச்சி காணப்பட்டது. பப்பாளியிலிருந்து மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பரவியது. மெழுகு பூசிய அதன் உடலில் மருந்து எளிதில் ஒட்டாது. அடித்த மருந்து அதைத் தின்னும் நல்ல பூச்சிகளைத்தான் கொன்றது. அறிஞர்கள் முதலில் செய்த வேலை அது எந்த இனம் என்று உறுதி செய்ததுதான். மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இனம் என்று தெரிந்ததும், அதன் இயற்கை எதிரி எது என்பதும் தெரிந்துவிட்டது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தார்கள். அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் மிகச்சிறிய குளவி நிலைத்துப் பெருகி, பூச்சியை அடக்கிவிட்டது. இனம் கண்டதுதான் அங்கே வெற்றிக்கு முதல் படி.

மாடியில் நாமும் நல்ல பூச்சியை இனம் காண வேண்டும். 1898-இலேயே இந்தியாவுக்கு வந்து சேர்ந்த, மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலிய வண்டு ஒன்று உண்டு. அதன் புழு, உடல் முழுதும் வெள்ளை மெழுகு பூசி, பார்வைக்குப் பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும். தெரியாமல் நசுக்கிவிடுகிறோம். மாவுப்பூச்சி பெரும்பாலும் அசையாது. இந்தப் புழு விறுவிறுவென்று நடக்கும். நடப்பதைப் பார்த்தால் விட்டுவிடுங்கள்.

இனி, கண்டறிந்த பிறகு செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறிஞ்சும் பூச்சி என்று உறுதியானால் முதலில் நீரைப் பீய்ச்சி இலையின் அடிப்புறத்தைக் கழுவுங்கள், பாதி போய்விடும். பிறகு வேப்பங்கொட்டைக் கரைசலோ, காதி சோப்பில் கலந்த வேப்பெண்ணெயோ, மாலை வெயில் தாழ்ந்த பின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். பறக்கும் வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள். தழைச்சத்தை அள்ளிப் போடாதீர்கள். மிதமிஞ்சித் தளதளவென்று வளரும் செடியைத்தான் அசுவினி முதலில் தேடி வரும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஒரே வாரத்தில் உரமும் போட்டு, மருந்தும் அடித்து, தொட்டியையும் மாற்றினால், செடி பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்று தெரியாது. அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பலனைப் பழைய இலையில் தேடாதீர்கள். கருகிய இலை மீண்டும் பச்சையாகாது. அடுத்து வரும் இரண்டு மூன்று கொழுந்துகள் நன்றாக வந்தால் நீங்கள் செய்தது சரி.

கடைக்காரர் மேல் எனக்குக் குறை இல்லை. இலையைக் கொண்டுபோய்க் காட்டினால் அவரிடம் இருப்பதைத்தான் அவர் எடுத்துத் தருவார். தினமும் பார்ப்பவர் நீங்கள். எந்த இலையில் தொடங்கியது, போன வாரம் என்ன போட்டீர்கள், தண்ணீர் எப்போது ஊற்றினீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கு மட்டுமே தெரியும். செடிக்கு முதல் மருத்துவர் நீங்கள்தான்.

மாடியில் நாம் வளர்ப்பது விற்பனைக்கு அல்ல. அந்தக் கத்தரிக்காய் இன்று மதியம் நம் வீட்டுக் குழம்பில் வேகிறது. அந்தத் தக்காளியை நம் பிள்ளை கழுவாமலே கடிக்கிறது. கடைக் காய்கறியில் என்ன அடித்திருக்கிறார்களோ என்ற அச்சத்தில்தான் பலரும் மாடிக்கு மண் சுமந்தோம். அங்கேயும் காரணம் தெரியாமல் மருந்து அடித்தால் நாம் பட்ட பாட்டுக்குப் பொருள் இல்லாமல் போகும். ஆகவே உங்கள் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒரு நோட்டு வாங்குங்கள். அடுத்த முறை ஒரு செடி நலம் கெட்டால், எதையும் கையில் எடுக்கும் முன், எந்த இலை, என்ன வடிவம், என்ன தடயம், வேரும் நீரும் எப்படி என்ற நான்கு கேள்விக்கும் விடையை அதில் எழுதுங்கள். நான்கும் எழுதி முடிந்த பிறகு என்ன அடிக்கலாம் என்று யோசியுங்கள். பல நேரங்களில் எதையும் அடிக்கவே தேவையில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.